கையில் ஒட்டாத தின்பண்டம்: குமரி மாவட்ட மழலையர் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் தலைமை ஆசிரியைகளுக்கும்,

வணக்கம். நான் கல்குளம் தாலுகாவில் 31 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் இன்றைக்கும் பால்வாடி டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். மகனுக்குத் துபாயில் வேலை. மருமகள் தக்கலையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். பேரனைக் காலையில் வேனில் ஏற்றிவிடுவதும் மாலையில் இறக்கி எடுப்பதும் என் பொறுப்பு. ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் பிள்ளைகளின் எடையைப் பற்றி உங்களிடம் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

போன மாதம் பேரனுக்குக் காய்ச்சல். டாக்டரிடம் கொண்டு போனபோது எடை பார்த்தார்கள், 21 கிலோ. நர்ஸ் அதைச் சீட்டில் எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தேன். 104 சென்டிமீட்டர். வயது நாலு முடிந்து இரண்டு மாதம். அந்த உயரமுள்ள பையன் ஏறத்தாழ 17 கிலோ இருந்தால் நடுத்தரம். 20 கிலோவைத் தாண்டினால் அதிக எடை என்பது உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவீடு. ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் தராசில் போட்டுத் தூக்கிப் பார்த்த எனக்கு, என் மடியில் இருந்த பிள்ளை இவ்வளவு ஏறியிருப்பது தெரியவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம், “டீச்சரே, பேரன் நல்லா தடிச்சிருக்கானே” என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். நானும் சந்தோஷப்பட்டேன்.

ஏன் தெரியவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் காலத்தில் உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணியில் தைத்த கால்சட்டையில் பிள்ளையை இறக்கி எடை எடுப்போம். வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்போம். புள்ளி கீழே இறங்கினால் அன்றைக்கே அந்த வீட்டுக்கு ஓடுவோம். அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகிற தாய்மார் காலையிலேயே பிள்ளையை இடுப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். பல பிள்ளைகளுக்கு அன்றைக்கு முதல் சாப்பாடே எங்கள் கையால்தான். 1975இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டமும், 1980இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் பிள்ளை மெலிந்துவிடக் கூடாதே என்ற கவலையில் வந்தவை. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் புள்ளி மேலே ஏறிக்கொண்டே போனால் என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்போது அதற்குத் தேவையும் வரவில்லை. வயதுக்கேற்ற எடையை மட்டும் பார்த்தோமே தவிர, உயரத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. உயரத்தோடு சேர்த்துப் பார்க்காமல் பிள்ளை பருமனா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது.

உங்களிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், பிள்ளையை மாதாமாதம் எடை பார்க்கிற இடம் அங்கன்வாடி. என் மையத்தில் ஒரு காலத்தில் 28 பிள்ளைகள் இருந்தார்கள். நான் ஓய்வு பெறும்போது 9 பேர். மற்றவர்கள் எல்லாரும் ப்ரீ-கேஜி, எல்.கே.ஜி. என்று உங்களிடம் வந்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, என் பேரனே உங்களில் ஒருவரிடம்தான் படிக்கிறான். ஆனால் அந்தப் பிள்ளைகள் எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று நீங்கள் நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? வாரம் மூன்று முட்டை, சுண்டல், சத்துமாவு, சுடச்சுட மதியச் சோறு, மாதம் ஒரு முறை எடை. இவற்றுக்குப் பதிலாக அவர்கள் கையில் இருப்பது ஒரு ஸ்நாக்ஸ் டப்பா.

அந்த டப்பாவைப் பற்றித்தான் இந்த மடல்.

பேரனைச் சேர்த்த அன்று பள்ளியில் ஒரு தாள் கொடுத்தார்கள். சீருடை, வேன் கட்டணம் எல்லாம் எழுதியிருந்ததன் நடுவில் ஒரு வரி: ‘கையில் ஒட்டாத, சிந்தாத தின்பண்டம் மட்டும் கொடுத்தனுப்பவும்.’ அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வாரம் புட்டும் எங்கள் ஊர் வாழைப்பழமான மட்டிப்பழமும் பிசைந்து வைத்தேன். டப்பா திரும்பி வந்தபோது புட்டு அப்படியே இருந்தது, சட்டையெல்லாம் பழம். மறுநாள் ஆயா வேன் பக்கம் வந்து தணிவாகச் சொன்னார்: “அம்மா, நாப்பது பிள்ளைக்கு நான் ஒருத்தி. பிஸ்கட் மாதிரி ஏதாவது வச்சு விடுங்க.” அவர் சொன்னதில் தப்பில்லை. நாற்பது பிள்ளைகளின் கையையும் வாயையும் ஒரு ஆள் எப்படிக் கழுவிவிட முடியும்? அன்றிலிருந்து பிஸ்கட் வைக்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு டப்பா காலியாகத்தான் வந்தது, நானும் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று நம்பினேன்.

அந்த ஒரு வரி எதையெல்லாம் வெளியே தள்ளுகிறது என்று பாருங்கள். புட்டும் பயறும் சிந்தும். பப்பாளி ஒட்டும். தயிர்சோறு வழியும். சக்கைச்சுளை, அதாவது பலாச்சுளை, பிசுபிசுக்கும். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) உதிரும், அதோடு மீன்கறி கொடுத்துவிட்டால் வகுப்பே மணக்கும். கடைசியில் கையில் ஒட்டாமலும் சிந்தாமலும் மிஞ்சுவது கிரீம் பிஸ்கட், கேக் துண்டு, பாக்கெட் சிப்ஸ். எங்கள் மண்ணில் விளைகிற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பாக்கெட்டில் வருவதை மட்டும் உள்ளே விடுகிற விதி அது. எழுதியவர்கள் சுத்தத்தை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். மாவட்டத்தில் என் சொந்தக்காரர் பிள்ளைகள் படிக்கிற இன்னும் சில பள்ளிகளிலும், வார்த்தை மாறினாலும், இதே வழக்கம்தான்.

ஒரு நாலு வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதும் வேண்டியது சுமார் 1300 கலோரி. அதில் சேர்க்கப்பட்ட சீனி பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஐந்து சதவீதம் என்பது நாலு டீஸ்பூன் சீனி. கிரீம் பிஸ்கட்டின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சீனி, அதனால் நாலு பிஸ்கட்டிலேயே மூன்று ஸ்பூன் தீர்ந்துபோகும். காலையில் பாலில் கலக்கிய பவுடரில் கொஞ்சம், வேனில் இருந்து இறங்கியதும் கேட்கிற ஜூஸ் டப்பாவில் இன்னும் மூன்று நாலு ஸ்பூன், நடுவில் யாராவது பிறந்தநாள் என்று சாக்லேட். வீட்டில் ஒரு வாய் சீனி நான் தனியாகக் கொடுக்காமலேயே இவ்வளவு.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாய்மார் யாருமே விளக்கிக் கேட்டிராத விஷயம் இது. பிறக்கும்போது 3 கிலோ இருக்கிற பிள்ளை ஒரு வயதில் 9 கிலோவைத் தாண்டுகிறது. அதே வேகத்தில் அது வளர்ந்துகொண்டே போகாது. இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்கு இரண்டு கிலோ கூடினால் போதும், உயரமோ ஆறேழு சென்டிமீட்டர் கூடும். அதனால் மூன்று வயதிலிருந்து ஐந்தாறு வயது வரை பிள்ளை மெலிந்து நீளும். கன்னம் வற்றும், விலா லேசாகத் தெரியும், சோறும் முன்னைப் போல் இறங்காது. இது நோயே இல்லை. ஆறு வயதை ஒட்டித்தான் மறுபடி சதை பிடிக்கத் தொடங்கும். நாலு வயதிலேயே அப்படிச் சதை பிடிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைக்குப் பெரியவனான பிறகும் உடல் பருமன் தொடரும் வாய்ப்பு அதிகம்.

மெலிந்து நீள வேண்டிய அந்த வருடங்களில்தான் பிள்ளை உங்களிடம் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பிள்ளை மெலிகிறது, வீட்டில் எல்லாரும் பயந்துபோகிறோம். “கொச்சு வாடிப்போச்சே” என்று பாலில் ஒரு ஸ்பூன் பவுடர் கூடுகிறது. விடுமுறைக்கு வருகிற அப்பா பெட்டி நிறையச் சாக்லேட் கொண்டுவருகிறார். நான் செல்போனில் பாட்டைப் போட்டுக் காட்டி, பேரன் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து உருண்டை உருண்டையாக ஊட்டினேன். வயிறு நிறைந்துவிட்டது என்று தலையைத் திருப்புகிற பிள்ளையின் வாயில் இன்னும் ஒரு உருண்டையைத் திணித்தேன். அது தவறு என்று இப்போது தெரிகிறது. அந்தப் பவுடர்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பெயரில் காட்டக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லிவிட்டது. எங்கள் தெருவில் அந்தச் செய்தி தெரிந்த வீடு ஒன்றுகூட இல்லை.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் அதிக எடை உள்ளவர்கள் 2015–16இல் 2.1 சதவீதம், 2019–21இல் 3.4 சதவீதம். எண்ணிக்கை சின்னதுதானே என்று தோன்றலாம். ஆனால் இதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். அவர்களும் ஒரு காலத்தில் நாலு வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தானே. இந்த மாவட்டத்தில் சர்க்கரை வியாதிக்காரர் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் பழைய சாப்பாடு எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நேந்திரங்காய் சிப்ஸ் நம்முடையதுதான், ஆனாலும் எண்ணெயில் பொரித்தது. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் பண்டிகைக்கு உரியவை. கருப்பட்டியும் பிள்ளையின் உடம்புக்குச் சீனிக் கணக்கில்தான் சேரும், பனையிலிருந்து வந்தது என்பதற்காக விருப்பம்போல் அள்ளிப் போடக் கூடாது. டப்பாவில் வைக்கக்கூடியவை எவ்வளவோ இருக்கின்றன. அவித்த ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்), அவித்த சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி), பயறு, அவித்த முட்டை, கொய்யாத் துண்டு, இட்லி, மட்டிப்பழம். அந்த மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மாவட்டமே பெருமைப்பட்டது. பல்லில்லாத பிள்ளைக்கும் மசித்துக் கொடுக்கிற பழம் அது. ஒரு எச்சரிக்கை: ஐந்து வயதுக்குக் கீழே முழு நிலக்கடலை, முழு முந்திரி வேண்டாம். தொண்டையில் அடைக்கும்.

அந்த வரியை அடித்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். அடித்துவிட்டு, இடைவேளைக்கு முன்னும் பின்னும் கை கழுவப் பத்து நிமிடமும், பிள்ளைகள் உயரத்துக்கு நாலைந்து குழாயும், இன்னொரு ஆயாவும் கொடுங்கள். செலவு என்பது எனக்குத் தெரியும். வகுப்பறைக்கு ஏசியும் சுவரில் பெரிய திரையும் வைக்கிற பள்ளிகளுக்கு இது முடியாத செலவு என்று நான் நினைக்கவில்லை. சின்னப் பள்ளிகள், வீட்டு மாடியில் நடக்கிற பள்ளிகள் இரண்டு வகுப்புக்கு இடைவேளையை முன்பின்னாக வைத்தால் இருக்கிற ஆயாவை வைத்தே சமாளிக்கலாம். கைகழுவப் பழகுவதும் படிப்புதான். அங்கன்வாடியில் நாங்கள் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதைத்தான்.

இதை ஒரு வீடு மட்டும் செய்ய முடியாது என்பதால்தான் உங்களிடம் வருகிறேன். நான் பேரனுக்குப் பயறு வைத்து அனுப்பினால், பக்கத்துப் பிள்ளை சாக்லேட் கிரீம் பிஸ்கட் தின்கிறது. “எனக்கு மட்டும் ஏன் பாட்டி?” என்று அவன் கேட்டு அழும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லா டப்பாவிலும் திங்கட்கிழமை பயறு, செவ்வாய்க்கிழமை பழம் என்று பள்ளி சொல்லிவிட்டால் பிள்ளை கேட்கவே கேட்காது. டீச்சர் சொன்னால் அதுதான் வேதவாக்கு. வீட்டில் முட்டையைத் தொடாத பிள்ளைகள் அங்கன்வாடியில் வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்களைப் பார்த்துத் தின்றதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பிறந்தநாள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் வருடத்துக்கு நாற்பது பிறந்தநாள். பள்ளி நடப்பது 200 நாள் என்று வைத்துக்கொண்டால் ஐந்து நாளைக்கு ஒன்று. முன்பு ஒரு மிட்டாயோடு முடிந்தது, இப்போது ஒரு கவர். அதற்குள் வெளிநாட்டுச் சாக்லேட், கேக், ஜூஸ். கல்ஃப் வீட்டுப் பிள்ளை கொடுத்ததைப் போலத் தானும் கொடுக்க வேண்டும் என்று, ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒரு தாய் கடன் வாங்கி நாற்பது கவர் நிரப்பியதை நான் அறிவேன். பள்ளி வேண்டாம் என்று சொன்னால் அந்தத் தாய் எவ்வளவு நிம்மதி அடைவாள்! ஒரு குலை மட்டிப்பழம் கொண்டுவந்தால் வகுப்புக்கே போதும். அதுவும் வேண்டாம் என்றால் எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடட்டும். எழுத்தைச் சரியாக எழுதினால் சாக்லேட், அழாமல் இருந்தால் சாக்லேட் என்று ஆசிரியைகள் கொடுப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு நட்சத்திரம் ஒட்டினாலே போதும், அந்த வயதுப் பிள்ளை அதைத் தெரு முழுக்கக் காட்டும்.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. கொழுப்பும் உப்பும் சீனியும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. சீனி அளவைக் காட்டும் பலகை வைக்க வேண்டும் என்று 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு உத்தரவிட்டது. உங்கள் வாசலில் தொங்குகிற பாக்கெட் சரங்களை ஒரு நாள் நின்று பாருங்கள்.

பிள்ளை ஓடுவதற்கு இடம் வேண்டும். எங்கள் ஊரிலிருந்து பள்ளி இரண்டரை கிலோமீட்டர். வேன் 7.50க்கு வந்து, ஊர் ஊராகச் சுற்றி 9 மணிக்குத்தான் போய்ச் சேர்கிறது. பிள்ளைகள் அதில் உட்கார்ந்தே போகிறார்கள், வகுப்பிலும் உட்கார்ந்தே எழுதுகிறார்கள். முற்றத்தில் இன்டர்லாக் கல் பதித்திருக்கிறது, விழுந்தால் முட்டு பேர்ந்துவிடும் என்று ஓட விடுவதில்லை. பாதி முற்றம் வேன்கள் நிற்கவே சரியாகப் போகிறது. மூன்று நாலு வயதுப் பிள்ளை ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடி விளையாட வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. வீட்டிலும் இப்போது முற்றம் இல்லை. விளைகள் எல்லாம் பிளாட் ஆகி மதில் எழும்பிவிட்டது. ஒரு மூலையிலாவது கல்லைப் பெயர்த்து மணல் கொட்டுங்கள். மழைக்காலத்தில் வகுப்புக்குள்ளேயே கும்மியும் குதிப்பும் நடக்கட்டும். யு.கே.ஜி.யில் பக்கம் பக்கமாக எழுதவைப்பதைக் குறைத்தாலே பாதி நேரம் கிடைத்துவிடும்.

இதில் ஒரு பயமும் எனக்கு இருக்கிறது. பருமன் என்று பேசத் தொடங்கினால் பிள்ளையைக் குண்டு என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். ஆண்டுவிழா நாடகத்தில் சிரிப்பு மூட்டுகிற வேடத்துக்குத் தடித்த பிள்ளையைத் தேடிப் பிடிக்கிறார்கள். அது கூடவே கூடாது. அந்த வயதில் பிள்ளைக்குப் பட்டினியோ டயட்டோ தேவையில்லை. எடை ஏறாமல் பிடித்து நிறுத்தினால் போதும், வளர்கிற உயரம் மீதியைச் சரிசெய்துவிடும். எடை மிக அதிகமாக இருந்தால் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

மெலிந்த பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். வேனில் பேரன் பக்கத்தில் உட்காருகிற பெண்பிள்ளையின் கை குச்சி மாதிரி இருக்கும். அவள் டப்பாவிலும் அதே பிஸ்கட். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நாலில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை, பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ரத்தசோகை. தடித்திருக்கிற பிள்ளைக்கும் ரத்தசோகை இருக்கலாம். பயறும் முட்டையும் பழமும் இரண்டு பேருக்குமே வேண்டியவை, ஆளுக்கொரு விதி போட வேண்டியதில்லை.

பெற்றோர்தான் பிஸ்கட் வேண்டும் என்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். எளிதாக இருப்பதால் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, காலை ஏழரைக்கு வேலைக்கு ஓடுகிற என் மருமகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சேர்க்கைத் தாளில் அந்த வரிக்குப் பதிலாக, கிழமைவாரியாக என்ன வைக்கலாம் என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டால், முந்தின நாள் இரவே பயறை ஊறப்போட அவர்களுக்குத் தோன்றும். வருடத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் ஜனவரியிலும், எல்லாப் பிள்ளைகளுக்கும் எடையும் உயரமும் எடுத்து, கிரேடு அட்டையில் போடாமல் தனிச்சீட்டில் எழுதிப் பெற்றோர் கையில் மட்டும் கொடுங்கள். பக்கத்து அங்கன்வாடியில் உயரமானி இருக்கும். கேட்டால் அந்த டீச்சர் மறுக்கமாட்டார்.

எடை எடுக்க ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். தக்கலை, மார்த்தாண்டம், திங்கள்சந்தை, கருங்கல் வரை பஸ்ஸில் வந்துபோக எனக்குச் சிரமமில்லை. வகுப்புக்கு அரை மணி நேரம் போதும், அட்டையில் எப்படிக் குறிப்பது என்று உங்கள் ஆசிரியைகளுக்கும் சொல்லித்தருகிறேன். காசு எதுவும் வேண்டாம். சாயங்காலம் மட்டும் முடியாது. நாலரைக்கு வேன் வந்ததும் பேரனை இறக்கி, பைமூட்டையைத் திண்ணையில் போட்டுவிட்டு, இரண்டு பேரும் குளத்தங்கரை வரை நடந்துபோய் வருகிறோம். போன வாரம் வரை பாதி தூரத்தில் தூக்கச் சொல்லுவான். இந்த வாரம் கேட்கவில்லை.

அன்புடன்,
ஒரு பழைய பால்வாடி டீச்சர்